ஓர் உருவம், ஐந்து இனங்கள்

அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற கொசுவுக்கு 1901இல் பெயர் வைத்தவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் கைல்ஸ். அதன் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நூல்களில் அது ஒரே இனமாகத்தான் இருந்தது. இறக்கைப் புள்ளிகள், வாயருகே உள்ள உணரிகளின் பட்டைகள், கால்களின் நிறம் என வகைபிரிப்பாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் எதிலும் ஐயப்பட இடமில்லை. இந்தியக் கிராமங்களின் மலேரியாவில் 60 முதல் 70 விழுக்காடு இந்தக் கொசுவின் கணக்கில் எழுதப்பட்டது. இலங்கையிலும் நோயைப் பரப்பிய முதன்மைக் கொசு இதுவே.

களத்தில் கொசு பிடித்தவர்களுக்கு மட்டும் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் சமவெளிக் கிராமங்களில் மாட்டுக் கொட்டிலுக்குள் டார்ச் அடித்தால் இந்தக் கொசு சுவரெங்கும் உட்கார்ந்திருக்கும். அந்த ஊர்களில் மலேரியா மிகக் குறைவு. அதே மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில், கொசு அதைவிடக் குறைவாக இருந்த ஊர்களிலும், நோய் விடாமல் வந்தது. தட்பவெப்பம், கால்நடைகளின் எண்ணிக்கை, வாய்க்கால் பாசனம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவை ஓரளவு பொருந்தின, முழுமையாகப் பொருந்தவில்லை. சிக்கலை அவிழ்த்தது மரபு அடையாளம். ஓர் உயிர் எந்த இனப்பெருக்கக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் எந்தப் பண்பும் அப்படிப்பட்ட அடையாளம்தான். அது முட்டையின் மேல் உள்ள கோலமாக இருக்கலாம், குரோமோசோமின் அமைப்பாக இருக்கலாம், ஒரு நொதியின் வகையாகவோ டிஎன்ஏவின் ஓர் எழுத்தாகவோ இருக்கலாம்.

இதே நெருடல் ஐரோப்பாவுக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்திருந்தது. மலேரியாவை அனாபிலிஸ் பரப்புகிறது என்று 1897–98இல் ரொனால்டு ராஸும் இத்தாலிய அறிஞர்களும் நிறுவியதும், கொசு இருக்கும் இடத்தையும் நோய் இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் பொருத்திப் பார்க்கும் வேலை தொடங்கியது. இரண்டும் ஒட்டவில்லை. அனாபிலிஸ் மாக்குலிபென்னிஸ் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருந்தது. மலேரியாவோ சில கடற்கரைகளிலும் சதுப்புகளிலும் மட்டுமே இருந்தது. மலேரியா இல்லாத அனாபிலிஸ் என்பது அந்தத் தலைமுறை ஆய்வாளர்களின் தீராத புதிராயிற்று. அந்த ஊர்களில் கால்நடை மிகுதியாக இருப்பதால் கொசு மனிதனை விட்டுவிடுகிறது என்று சிலர் எழுதினர். பல்லமைப்பு வேறாக இருக்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு.

விடைக்கு வழி காட்டியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இத்தாலியப் பொது சுகாதாரத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஆய்வாளர் டொமெனிகோ ஃபல்லெரோனி, பெண் கொசுக்களைத் தனித்தனியாக அடைத்து வைத்து அவை இட்ட முட்டைகளை உருப்பெருக்கியில் பார்த்தார். சில கொசுக்களின் முட்டையில் கருமையான குறுக்குப் பட்டைகள் இருந்தன. வேறு சிலவற்றின் முட்டை சாம்பல் நிறம். ஒரு கொசு எத்தனை முறை முட்டையிட்டாலும் கோலம் மாறவில்லை. 1926இல் இதை வெளியிட்டபோது இரண்டு வகைகளுக்குத் தமக்குத் தெரிந்த சுகாதார அதிகாரிகளான மெஸ்ஸேயா, லப்ராங்கா ஆகியோரின் பெயர்களை வைத்தார். இன்றும் மெஸ்ஸே, லப்ராங்கியே என்ற இனப்பெயர்களாக அவை நிலைத்திருக்கின்றன. 1930களில் லூயிஸ் ஹேக்கெட்டும் ஆல்பெர்ட்டோ மிஸ்ஸிரோலியும் இந்த முட்டைக் கோலங்களை நோய் வரைபடத்துடன் பொருத்தியபோது புதிர் பெருமளவு அவிழ்ந்தது. மாக்குலிபென்னிஸ் என்பது பல இனங்களின் தொகுப்பு. அவற்றில் லப்ராங்கியே, சக்காரோவி போன்ற சிலவே மனிதனை நாடிக் கடித்தன. மெஸ்ஸே பெரும்பாலும் மாட்டோடு நின்றுவிட்டது.

வயதுவந்த கொசுவைப் பார்த்தால் பிரித்தறிய முடியாத, ஆனால் இயற்கையில் ஒன்றோடொன்று இனம் கலக்காத இத்தகைய இனங்களை உடன்பிறப்பு இனங்கள் என்பர். முட்டை அடையாளத்துக்கு ஒரு குறை இருந்தது: எல்லா அனாபிலிஸ் தொகுப்புகளிலும் முட்டை இப்படிக் கைகொடுப்பதில்லை. ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியேயில் அது பயன்படவில்லை. அங்கே லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஜார்ஜ் டேவிட்சன் வேறொரு வழியில் போனார். 1950களில் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு எப்படி மரபாக இறங்குகிறது என்று அறிய அவர் வெவ்வேறு ஊர்க் கொசுக்களைக் கலந்து வளர்த்தார். எதிர்பாராமல் சில கலப்புகளில் பிறந்த ஆண்கள் மலடாக இருந்தன. மலட்டு மகன்கள் பிறந்தால் பெற்றோர் இரு வேறு இனம் என்பது அடிப்படை விதி. 1960களின் தொடக்கத்தில் டேவிட்சனும் ஹியூ பேட்டர்சனும் காம்பியே என்ற ஒற்றைப் பெயருக்குள் பல இனங்கள் இருப்பதை உறுதி செய்தனர். ஆனால் கலப்புச் சோதனைக்கு உயிருள்ள கொசு வேண்டும், வளர்ப்பறை வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒரு கிராமத்தில் பிடித்த ஆயிரம் கொசுக்களை அப்படி இனம் பிரிக்க முடியாது.

அந்த இடத்தில்தான் குரோமோசோம் வந்தது. ஈ, கொசு போன்ற பூச்சிகளின் சில செல்களில் குரோமோசோம் பலமுறை இரட்டித்தும் பிரியாமல் ஒட்டியே நிற்கும். அதனால் அது தடித்து, குறுக்கே கருப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தெரியும் நாடாவாகிவிடும். பட்டைகளின் வரிசை ஒவ்வொரு இனத்துக்கும் நிலையானது. எப்போதாவது குரோமோசோம் இரண்டு இடங்களில் உடைந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். நடுவில் சில பெட்டிகளை மட்டும் கழற்றித் திருப்பிப் பூட்டிய ரயிலைப் போல. இதைத் தலைகீழ்த் திருப்பம் என்பர். தாயிடமிருந்து நேரான வரிசையும் தந்தையிடமிருந்து திரும்பிய வரிசையும் ஒரு கொசுவுக்கு வந்தால், இரண்டும் பட்டைக்குப் பட்டை பொருந்த முயன்று அந்த இடத்தில் ஒரு வளையம் உண்டாகும். நுண்ணோக்கியில் அந்த வளையம் தெளிவாகத் தெரியும்.

இதில் ஒளிந்திருக்கும் தர்க்கம் எளிமையானது, அதனாலேயே வலிமையானது. ஒரே ஊரில், ஒரே கொட்டிலில், நேர்வரிசைக் கொசுவும் திரும்பிய வரிசைக் கொசுவும் கிடைக்கின்றன என்று கொள்வோம். அவை தமக்குள் கூடினால் வளையமுள்ள கொசுக்கள் கணித்துச் சொல்லக்கூடிய விகிதத்தில் கிடைத்தாக வேண்டும். நூற்றுக்கணக்கில் பார்த்தும் ஒரு வளையம்கூட இல்லையென்றால் அவை கூடுவதில்லை. ஆய்வகக் கூண்டில் கட்டாயப்படுத்தி நடத்திய திருமணத்தைவிட இது நம்பகமான சான்று. கொசுக்கள் தாமாகவே இயற்கையில் எடுத்த முடிவை அது காட்டுகிறது.

இத்தாலியின் குய்தோ ஃப்ரிட்ஸி 1947 முதல் மாக்குலிபென்னிஸ் தொகுப்பில் இதைச் செய்துகாட்டினார். அவர் பார்த்தது புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி. நோயைப் பரப்புவதோ வயதுவந்த பெண் கொசு. மனிதனைக் கடித்தபோது பிடிபட்ட கொசுவின் இனத்தை அதன் உடலிலிருந்தே சொல்ல முடியவில்லை. ரோமில் பணியாற்றிய மாரியோ கொலுட்ஸி 1960களின் பிற்பகுதியில் இந்த இடைவெளியை அடைத்தார். இரத்தம் குடித்து முட்டை பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் பெண் கொசுவின் சூலகத்தில், முட்டைக்கு ஊட்டம் தரும் செல்கள் இருக்கின்றன. அவற்றிலும் அதே தடித்த குரோமோசோம்கள் உண்டு. இதன் பிறகு ஒரே கொசுவிடமிருந்து மூன்று செய்திகளை எடுக்க முடிந்தது: சூலகத்திலிருந்து இனம், வயிற்றில் எஞ்சிய இரத்தத்திலிருந்து அது கடித்தது மாட்டையா மனிதனையா என்பது, உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது. யார் என்ற கேள்விக்கும் என்ன செய்தது என்ற கேள்விக்கும் ஒரே உடலில் விடை கிடைத்ததுதான் இந்தத் துறையின் திருப்புமுனை. பிற்காலத்தில் வந்த நுட்பங்கள் வேகமானவை. இதைவிட ஆழமான மாற்றத்தை அவற்றில் எதுவும் கொண்டுவரவில்லை.

வீட்டுச் சுவர்களில் மருந்து அடித்து மலேரியாவை அடக்க முயன்ற நைஜீரியாவின் கார்கி பகுதியில் கொலுட்ஸியின் குழு கண்டது, ஒரே இனத்துக்குள்ளும் திருப்பங்கள் செய்தி சொல்லும் என்பதை. வறண்ட வடபகுதியில் சில திருப்பங்கள் மிகுந்தும், ஈரமான தெற்கில் குறைந்தும் இருந்தன. வீட்டுக்குள் தங்கும் கொசுக்களுக்கும் வெளியே தங்கும் கொசுக்களுக்கும் இடையிலும் விகிதம் மாறியது. சுவரில் அடித்த மருந்து, சுவரில் உட்காரும் கொசுவைத்தானே கொல்லும்? 1979இல் வெளியான இந்த ஆய்வு, மருந்து அடித்தும் கார்கியில் மலேரியா ஏன் அடங்கவில்லை என்பதற்கு ஒரு பகுதி விளக்கம் தந்தது.

இந்தியாவில் இந்தப் பணி தொடங்கிய காலம் இக்கட்டானது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டிடிடி தெளிப்பால் 1960களின் தொடக்கத்தில் நோய் ஏறத்தாழ ஒழிந்த நிலைக்கு வந்திருந்தது. ஆனால் 1976இல் நோயாளிகள் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தில்லியில் மலேரியா ஆராய்ச்சி மையத்தை நிறுவியது, வி. பி. சர்மா அதற்குத் தலைமை ஏற்றார். 1980இல் கிரீன், மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் குலிசிபேசிஸின் குரோமோசோம்களைப் பார்த்து, அதில் இரண்டு இனங்கள் இருப்பதாக அறிவித்தனர். எக்ஸ் குரோமோசோமில் இரண்டு திருப்பங்களால் வேறுபட்ட அவற்றுக்கு ஏ, பி என்று எழுத்தை மட்டும் இட்டனர். தில்லி மையத்தில் சரளா சுப்பாராவும் அவருடைய குழுவினரும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் போனார்கள். 1983இல் சி, 1991இல் டி என இரண்டாம் குரோமோசோமின் திருப்பங்களால் மேலும் இரண்டு இனங்கள் பிரிந்தன. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர்களில் இதே தொகுப்பை ஆராய்ந்து வெளியிட்டனர்.

அந்த வேலை நடந்த விதம் இப்போதைய ஆய்வகங்களில் அருகிவிட்டது. விடிவதற்கு முன்பே சேகரிப்பாளர்கள் ஊருக்குள் போவார்கள். வீடுகளிலும் கொட்டில்களிலும் சுவரோரம் டார்ச் வெளிச்சத்தில் கொசுவைக் கண்டு, கண்ணாடிக் குழாயின் மறுமுனையில் வாயால் உறிஞ்சி உள்ளே இழுப்பார்கள். அவற்றில் வேண்டியவை அரைச்சூல் கொசுக்கள் மட்டுமே. வயிற்றின் முன்பாதியில் இரத்தம் கருஞ்சிவப்பாகவும், பின்பாதியில் வளரும் முட்டைகள் வெண்மையாகவும் தெரியும் நிலை அது. சில மணி நேரம் முந்தினாலும் பிந்தினாலும் பட்டைகள் படிக்கும்படி இருக்காது. சூலகத்தை வெளியே எடுத்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டால் குளிரில் பல மாதம் கெடாது. பிறகு கண்ணாடி வில்லையில் வைத்து, ஆர்சின் சாயம் ஏற்றி, புரோப்பியானிக் அமிலச் சொட்டு விட்டு, மேலே மெல்லிய மூடுவில்லையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் குரோமோசோம் பரவாது, கூடினால் அறுந்துபோகும். நல்ல கை உள்ளவரின் வில்லையில்கூட எல்லாக் கொசுவும் படிக்கும்படி அமையாது.

கிடைத்த பலன் அந்த உழைப்புக்குத் தகுந்தது. ஏ, சி, டி ஆகியவை மலேரியாவைப் பரப்பின. பி வட இந்தியாவில் எங்கும் பரவியிருந்தும் நோயைப் பரப்புவதில் அதற்குப் பங்கு இல்லை என்று சொல்லும் அளவுக்கே இருந்தது. ஒட்டுண்ணியும் அதன் உடலில் சரிவர வளர்வதில்லை என்று பிற்பாடு ஆய்வகத்தில் தெரிந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் கொட்டில்களை நிறைத்திருந்தது ஏறக்குறைய முழுவதும் பி. இனங்கள் மருந்துக்கு எதிர்ப்புப் பெறும் வேகத்திலும் வேறுபட்டன: டிடிடிக்கு பி விரைவில் பழகியது, ஏ மெதுவாகப் பழகியது. பி மிகுந்த ஓர் ஊரில் கொசுக்கள் டிடிடியில் சாகவில்லை என்ற சோதனை முடிவைக் கொண்டு, ஏ இருக்கும் ஊரிலும் மருந்து பயனற்றது என்று முடிவெடுத்தால் அது தவறாகிவிடும். பழைய எதிர்ப்புச் சோதனைப் பதிவுகளில் இந்தக் கலப்படம் எவ்வளவு இருந்திருக்கும் என்று இப்போது சொல்லவும் வழியில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏ, சி, டி மூன்றும்கூட மனிதனைவிட மாட்டையே அதிகம் கடிக்கின்றன. எண்ணிக்கைப் பெருக்கத்தால்தான் அவை நோய்க்கடத்திகளாக இருக்கின்றன.

வட இந்தியாவுக்குப் பொருந்திய இந்த வரைபடம் தெற்கே வந்ததும் தடுமாறியது. ராமேசுவரம் தீவில் மலேரியா தொடர்ந்து இருந்தது. மணலில் தோண்டிய ஆழமற்ற நீர்க்குழிகளிலும் கிணறுகளிலும் குலிசிபேசிஸ் பெருகியது. புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 1980களின் தொடக்கத்திலேயே தீவில் இந்தக் கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று காட்டியிருந்தனர். சூலகக் குரோமோசோமைப் பார்த்தால் எல்லாமே பி. மலேரியாவைப் பரப்பாத இனம் என்று வடக்கே விடுவிக்கப்பட்ட கொசு தீவில் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தது.

இலங்கையில் இது இன்னும் பெரிய கேள்வி. 1934–35இல் அந்தத் தீவில் வந்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து, எப்போதும் நீரோடும் ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுகையெங்கும் தெளிந்த நீர்த்தேக்கங்கள் நின்றதும், குலிசிபேசிஸ் அவற்றில் பெருகியதும் காரணம். கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு இறங்கிய நோய், 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. 1996இல் வெளியான குரோமோசோம் ஆய்வு இலங்கையில் இருப்பது பி மட்டுமே என்றது. அப்படியானால் இத்தனை உயிரைக் கொண்டது பரப்பத் தெரியாத இனமா? பி இனமே இடத்துக்கு இடம் குணம் மாறுகிறது என்று சொல்லிக் கடந்துபோகவும் வாய்ப்பிருந்தது.

தில்லி மையத்தினர் அப்படிக் கடந்துபோகவில்லை. ராமேசுவரத்தில் அவர்கள் செய்த சோதனை இந்தத் துறையின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்று. தடித்த குரோமோசோமில் வேறுபாடு இல்லையென்றால், செல் பிரியும்போது தெரியும் சாதாரணக் குரோமோசோமில் இருக்கலாம் என்று தேடினர். ஆண் கொசுவின் ஒய் குரோமோசோம் இரண்டு வடிவங்களில் இருந்தது. ஒன்றில் மையப்புள்ளி ஒரு நுனியில், ஒற்றைக் கையுள்ள கோலாக. மற்றதில் மையப்புள்ளி சற்று உள்ளே தள்ளி, நீளம் ஒவ்வாத இரு கைகளாக. வேறுபாடு கிடைத்தது, ஆனால் ஒரு சங்கடம். மனிதனைக் கடிப்பது பெண் கொசு. பெண்ணுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது.

அதனால் தாயின் இனத்தை மகன்களிடம் படிக்க வேண்டியதாயிற்று. களத்தில் பிடித்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனிக் குப்பியில் வைத்து முட்டையிடச் செய்து, புழுக்களைத் தனியே வளர்த்து, ஆண் புழுக்களின் மூளைத் திசுவில் ஒய் குரோமோசோமைப் பார்த்தனர். அந்தந்தத் தாயின் வயிற்று இரத்தமும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சோதனைக்கு எடுக்கப்பட்டன. இரண்டு பட்டியல்களையும் சேர்த்து வைத்தபோது விடை கண்ணில் பட்டது. மலேரியா ஒட்டுண்ணி இருந்த தாய்களின் மகன்கள் இருகை ஒய் உடையவை. மனித இரத்தத்தை நாடியதும் அந்தத் தாய்களே. ஒற்றைக்கை ஒய் வழியினர் மாட்டோடு நின்றனர். ஒரே தீவில் இரண்டு கூட்டங்கள், இரண்டு குணங்கள். 1999இல் இருகை ஒய் உடைய இனம் ‘ஈ’ என்று அறிவிக்கப்பட்டது. ஒய் வடிவம் மட்டும் வேறுபட்டிருந்தால் அது ஒரே இனத்தின் இரு வகை என்றே எழுதப்பட்டிருக்கும். கடிக்கும் பழக்கமும் ஒட்டுண்ணியும் அதனோடு சேர்ந்து நின்றதுதான் வாதத்தை நிறுத்தியது.

பாக் நீரிணையின் மறுகரையில் பதில் வர ஓராண்டு ஆனது. சின்னத்தம்பி சுரேந்திரனும் உடனாய்வாளர்களும் 2000இல் இலங்கைக் கொசுக்களில் அதே இரு வடிவ ஒய் குரோமோசோமைக் காட்டினர். இலங்கையிலும் பி, ஈ இரண்டும் இருந்தன. மலேரியாவைப் பரப்பும் ஆற்றல் ஈ இனத்துக்கே உரியதாகத் தெரிந்தது. 1934இன் ஆற்றுப்படுகைகளில் பெருகியது எந்த இனம் என்பதற்கு அந்தக் காலக் குரோமோசோம் வில்லை எதுவும் கிடையாது. ஆனால் நோய் பரப்பாத கொசு கொள்ளைநோயைத் தந்தது என்ற முரண் இத்தோடு தீர்ந்தது.

நொதிகளும் டிஎன்ஏவும் இந்தக் கதையில் இணையாக வந்துகொண்டிருந்தன. 1960களின் நடுவில் பழ ஈயில் தொடங்கிய ஒரு முறை, ஒரே நொதியின் வெவ்வேறு வகைகள் மின்னோட்டத்தில் வெவ்வேறு தூரம் நகர்வதைக் கொண்டு உயிரினக் கூட்டங்களைப் பிரித்தது. குலிசிபேசிஸில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி ஏ, டி இரண்டையும் ஓர் அணியாகவும் பி, சி இரண்டையும் இன்னோர் அணியாகவும் காட்டியது. பிறகு ரைபோசோம் டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் படித்தபோதும் அதே பிரிவுதான் கிடைத்தது. ஈ, எதிர்பார்த்தபடியே பி, சி அணியில் சேர்ந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அடையாளங்கள் ஒரே கோட்டை வரைவது அந்தக் கோடு பழையது என்பதற்குச் சான்று.

டிஎன்ஏவின் சிறு துண்டைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறை வந்ததும் அரைச்சூல் என்ற கட்டுப்பாடு போனது. ஆணோ பெண்ணோ, புழுவோ, காய்ந்துபோன ஒற்றைக் காலோ போதும். காம்பியே தொகுப்புக்கான பிசிஆர் சோதனை 1993இல் வெளியாகி ஆப்பிரிக்காவில் அன்றாட வேலையாகிவிட்டது. பழைய அருங்காட்சியகக் கொசுக்களும் பேசத் தொடங்கின. 1930இல் பிரேசிலின் நட்டால் நகரில் ஆப்பிரிக்கக் கொசு ஒன்று வந்து இறங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பெரும் மலேரியாவைத் தந்து, ஃபிரெட் சோப்பரின் படையால் ஒழிக்கப்பட்டது. அது காம்பியே என்றே எல்லா நூல்களும் எழுதின. ஊசியில் குத்தி வைத்திருந்த அந்தக் காலக் கொசுக்களின் டிஎன்ஏவை 2008இல் படித்தபோது, அது அதே தொகுப்பின் அரேபியென்சிஸ் என்று தெரிந்தது. வறண்ட வடகிழக்கு பிரேசிலில் அது ஏன் அவ்வளவு எளிதில் காலூன்றியது என்பதும் கூடவே விளங்கியது. அரேபியென்சிஸ் வறட்சி தாங்கும் இனம்.

டிஎன்ஏ வந்ததால் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. குலிசிபேசிஸில் பி, சி, ஈ மூன்றையும் பிரிக்க ரைபோசோம் டிஎன்ஏ போதவில்லை. 2005ஐ ஒட்டி தில்லி மையத்தினர் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை அதனுடன் சேர்த்து ஒரு முறை வகுத்தனர். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே இறங்குவது. இரு இனங்களுக்கிடையே கலப்பு நடந்ததா என்று அதை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. ஓரிடத்துக் கொசுக்களில் நூற்றுக்கு நூறு பொருந்திய எழுத்து வேறிடத்தில் பொருந்தாமல் போவதும் உண்டு. ஆதலால் புதிய நிலப்பகுதிக்குப் போகும் எந்த டிஎன்ஏ சோதனையையும் முதலில் குரோமோசோமோடு ஒத்துப் பார்ப்பதே வழக்கம். குரோமோசோம் வில்லை போடத் தெரிந்த கைகள் குறைந்துவரும் காலத்தில் இது சாதாரணத் தடை அல்ல.

இன எல்லை கசியக்கூடும் என்பதும் இந்தக் காலத்தில் வெளிப்பட்டது. பைரித்ராய்டு மருந்தையும் டிடிடியையும் ஒருசேரத் தாங்கவைக்கும் ஒரு திடீர்மாற்றம் உண்டு. நரம்பின் சோடியம் வாயில் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியேயின் எஸ், எம் என்ற இரு வடிவங்கள் பெரும்பாலும் தமக்குள் கூடாதவை. 2013இல் எம் வடிவத்துக்கு கொலுட்ஸியின் நினைவாக கொலுட்ஸியி என்று தனி இனப்பெயர் கொடுக்கப்பட்டது. ஆயினும் அந்த எதிர்ப்பு மாற்றம் எஸ் வடிவத்திலிருந்து எம் வடிவத்துக்கு அபூர்வக் கலப்பின் வழியே தாவியிருந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தின் அழுத்தம் கடுமையாக இருக்கும்போது, ஆயிரத்தில் ஒரு கலப்பு நடந்தாலும் பயனுள்ள துண்டு மறுபக்கம் போய்ப் பெருகிவிடும். 2002இல் காம்பியேயின் முழு மரபணுத்தொகுதி வெளியானது. பதினைந்து ஆண்டு கழித்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பிடித்த நூற்றுக்கணக்கான கொசுக்களின் தொகுதிகள் எழுத்துக்கு எழுத்து படிக்கப்பட்டன.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு அந்நாட்டை மலேரியா அற்றது என்று சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார் தீவில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் கொசு இது. இலங்கையில் அதுவரை கண்டதில்லை. 2012இல் ஜிபூட்டியிலும் 2016இல் எத்தியோப்பியாவிலும் தலைகாட்டியிருந்தது. எத்தியோப்பியக் கொசுக்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பாகிஸ்தான் கொசுக்களுக்கு நெருக்கமாக இருந்தது. ஸ்டீபன்சிக்குள்ளும் வகைகள் உண்டு. முட்டையின் மிதவையில் உள்ள வரிகளை எண்ணி 1937இல் ஸ்வீட், ராவ் என்ற இருவர் மைசூர்ப் பகுதிக் கொசுவைத் தனி வகையாகப் பிரித்து மைசோரென்சிஸ் என்று பெயரிட்டனர். நகரங்களின் மலேரியாவில் முதன்மைப் பங்கு மூல வகைக்கு. மைசோரென்சிஸ் பெரும்பாலும் கிராமத்தில் கால்நடையைக் கடிப்பது. மன்னாரில் இறங்கியது எது என்பது சுகாதாரத் துறைக்கு உடனடியாகத் தேவைப்பட்ட விடை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முட்டை வரிகளை எண்ணுவதையும் டிஎன்ஏவைப் படிப்பதையும் சேர்த்தே செய்தனர்; குடாநாட்டின் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் பிறகு அதே சோதனைக்குள் வந்தன.